சிவப்புக் கோட்டுக்கு வெளியே

"அம்மாவை முதல்ல வெளியே கூட்டிட்டுப் போங்கப்பா!" என்று கத்தினார் டாக்டர்.

குழந்தையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள், அதைக் கட்டிலில் கிடத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "பேனா மூடியை வாயில போட்டுட்டா சார்... கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள நீலம் பாரிச்சுப் போச்சு!"

அவசரப் பிரிவின் வாசலில் தரையோடு ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தது. உறவுக்காரர்கள் யாரும் அதைத் தாண்டக் கூடாது என்பது டாக்டரின் சட்டம். பெற்றவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் வைத்தியம் பண்ணுகிறவனுக்குக் கை ஓடாது என்பார்.

கோபம் அவருக்கு மூக்கு நுனியில் இருக்கும். எண்ணெயில் விழுந்த மாதிரி பொரிகிறார் என்று ஆஸ்பத்திரியில் அவருக்குக் 'கடுகு' என்று பெயர். பிள்ளைகளுக்கு ஒன்று என்றால் அவரை விட்டால் ஆள் கிடையாது என்று சொல்வதும் அதே வாய்கள்தான்.

"சார், ஒரு வார்த்தை..." என்று இழுத்தாள் அழுதவள்.

"எதுவா இருந்தாலும் அப்புறம்மா!"

வார்டு பாய் அவளைத் தோளைப் பிடித்து வெளியே நகர்த்திக் கண்ணாடிக் கதவைச் சாத்தினான். டாக்டர் அதற்குள் குழந்தையின் தொண்டைக்குள் இடுக்கியை விட்டுப் பேனா மூடியை வெளியே எடுத்துவிட்டார். ஆனால் மூச்சும் இல்லை, நாடியும் இல்லை.

"பை!" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு நர்ஸ் தலைமாட்டில் வந்து நின்றாள். வேறு ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவள், அவருக்கு இன்னும் பெயர்கூடத் தெரியாது. குழந்தையின் முகவாயைத் தூக்கிப் பிடித்து, மூக்கும் வாயும் மூடும்படி மாஸ்க்கை அழுத்திப் பொருத்தி, காற்றுப் பையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

டாக்டர் அந்தச் சின்ன நெஞ்சை அமுக்க ஆரம்பித்தார். அவர் நிறுத்தும்போது அவள் பையை அழுத்துவாள், அவள் நிறுத்தியதும் அவர் தொடர்வார்.

"மெதுவா. நெஞ்சு லேசா எழும்பினா போதும். பதறிப்போய் அமுக்கினா காத்து வயித்துக்குள்ள போயிடும்."

அவளுக்கு அதைச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் நெஞ்சு அளவாக எழும்பி அளவாக இறங்கியது. தொண்டைக்குள் மூச்சுக் குழாய் போடும் யோசனையைக்கூட அவர் தள்ளிவைத்துவிட்டார்.

"ஊசி போடணும். நாடாவை வச்சுப் பாருங்க, எடை என்ன வருது?" என்றார் இன்னொரு நர்ஸிடம். உயரத்தை வைத்து எடையைச் சொல்லும் நாடா அது.

"பதினாலு கிலோ" என்றாள் பை பிடித்தவள், தலையை நிமிர்த்தாமலே.

நாடாவும் பதினாலு என்றுதான் சொன்னது. "கண்ணா தராசாம்மா!" என்றார் டாக்டர். அந்த நெருக்கடியிலும் அவருக்கு ஒரு சின்ன நிம்மதி, தலைமாட்டில் விஷயம் தெரிந்தவள் நிற்கிறாள் என்று.

ஊசி போட்டார்கள். மறுபடியும் போட்டார்கள். இதயத் துடிப்பைக் காட்டும் திரையில் கோடு படுத்தது படுத்தபடியே கிடந்தது. டாக்டரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, கை மரத்துப்போனது. அமுக்குகிற ஆளை மாற்றி, அவரே மறுபடி வந்து அமுக்கியும் அந்தக் குழந்தை திரும்பவில்லை.

கடைசியில் அவர் கையை எடுத்தார். விழிகளில் டார்ச் அடித்துப் பார்த்தார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். இத்தனை வருஷத்தில் பழகாத வேலை அது ஒன்றுதான்.

"போதும், நிறுத்திடலாம்" என்றார்.

பை அழுந்தியது. நெஞ்சு எழும்பி இறங்கியது.

"கேட்குதா இல்லையா? நிறுத்துங்க."

"இன்னும் ஒரே ஒரு தடவை டாக்டர்."

"நீங்க காத்து அடிக்கிறதாலதான் நெஞ்சு எழும்புது. உசுரு போய் நேரமாச்சு. உங்களுக்குத் தெரியாததா?"

பை மறுபடியும் அழுந்தியது. துக்கமெல்லாம் கோபமாகத் திரும்பி, டாக்டர் பொரிந்தார்.

"இரக்கம் உங்களுக்கு மட்டும்தான் இருக்கா? வெளியே ஒருத்தி பெத்த வயிறு பத்தி எரிய நிக்கிறா. அவகிட்டப் போய் நான் என்னன்னு சொல்றது? நர்ஸுன்னா மனசைக் கொஞ்சம் கல்லாக்கிக்கணும்!"

அவள் தலை இன்னும் தாழ்ந்தது. கையுறைகளைக் கழற்றி வீசிவிட்டு அவர் கதவைத் தாண்டும்போதும் பை அழுந்துகிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெளியே பெஞ்சில் குழந்தையைத் தூக்கி வந்தவள் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். கடுகு என்று பெயர் வைத்தவர்கள் அவரை இப்போது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். அவ்வளவு தணிந்த குரலில் பேசினார்.

"எங்களால ஆனதெல்லாம் பண்ணிப் பார்த்துட்டோம்மா. பாப்பா... நம்மகிட்ட இல்ல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு கதறினாள். அவர் அவள் அழுது ஓயும்வரை காத்திருந்தார்.

"உள்ள வாங்கம்மா. இனிமே உங்களை யாரும் தடுக்க மாட்டாங்க. பெத்தவ நீங்க, உங்க மடியில வச்சுக்கோங்க."

அவள் மிரண்டுபோய் நிமிர்ந்தாள்.

"நான் பெத்தவ இல்ல சார். பக்கத்துத் தெருக் காப்பகத்துல பிள்ளைங்களைப் பார்த்துக்கிற ஆயா. பாப்பாவோட அம்மாவுக்கு இங்கதானே வேலை, அதான் இங்க தூக்கிட்டு ஓடிவந்தேன்."

"இங்கயா?" டாக்டர் எழுந்துவிட்டார். "யாரு? எங்க இருக்காங்க?"

ஆயா கண்ணாடிக் கதவைக் காட்டினாள்.

"உள்ளதான் சார்... பாப்பாவுக்குக் காத்து குடுத்துக்கிட்டு இருக்காங்களே, அவங்கதான்."