ஆறாவது கோழி

"ஆறாவதும் போச்சு!"

கோழிக்கூண்டுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்த தூரான் அங்கிருந்தே கத்தினாள்.

அவள் கணவர் மஷ்தி கன்பர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "குள்ளநரிதான். நேத்து மலைப்பக்கம் ஊளையிட்டுச்சே."

"குள்ளநரி கொக்கியைக் கழற்றி, கோழியை எடுத்துட்டு, திரும்பக் கொக்கியை மாட்டிட்டா போகும்? ஒரு இறகு கூடக் கிடக்கல. கூண்டைச் சுத்திச் சாம்பல் தூவி வெச்சேனே, வந்து பாருங்க. குள்ளநரி செருப்பு போட்டுக்கிட்டு வந்திருக்கு."

வேலிக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு ஸஃபர். யார் வீட்டு வம்பானாலும் முதல் ஆளாக வருபவர்.

"நான் சொல்லக்கூடாது. ஆனா சொல்றேன்," என்றார். "தேயிலைத் தோட்டத்துல கூலிக்கு இருக்கானே ஆப்கான்காரன் ஸகி, அவன் வீட்டுப் பக்கமா நேத்து போனேன். கோழி சூப் வாசனை மூக்கைத் துளைக்குது."

"போன வாரமும் அடிச்சுது," என்றாள் தூரான். "கூலிக்காரனுக்கு வாரம் ரெண்டு கோழி எங்கேருந்து வருது?"

மஷ்தி எழுந்தார். "இன்னைக்கே தோட்டத்து முதலாளிகிட்ட சொல்லி வீட்டைக் காலி பண்ண வைக்கிறேன்."

"அவன் பொண்டாட்டி பிள்ளை பெத்து இருபது நாள்தான் ஆகுது மஷ்தி," என்று ஸஃபர் இழுத்தார்.

"அதை அவன் கோழியில கை வைக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

தெருக்கோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் மஷ்தியின் பின்னால் தூரானையும் சேர்த்துப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

ஸகியின் வீட்டு வாசலில், காலில் சிவப்புத் துணி கட்டிய புள்ளிக்கோழி ஒன்று சாவகாசமாக மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அந்தத் துணி தூரானின் பழைய பாவாடையில் கிழித்தது.

"இது யாரு கோழிடா?" என்று மஷ்தி அதட்டினார்.

ஸகியின் முகம் வெளுத்தது. கதவருகே கைக்குழந்தையோடு நின்ற அவன் மனைவி உள்ளே போய்விட்டாள்.

"கேவான் ஐயா கொண்டுவந்து கொடுத்தாருங்க. சத்தியமா."

"யாரு, ஜெர்மனிக்காரனா?"

கேவான் இந்த வசந்தத்தில்தான் ஜெர்மனியிலிருந்து வந்து, மஷ்திக்கு எதிர்வீட்டை வாங்கித் தனியாகக் குடியேறியவன். ஆளனுப்பி அவனைக் கூட்டிவந்தார்கள்.

"ஆமா, நான்தான் எடுத்தேன். ஆறும் நான்தான்," என்றான் அவன், சிரித்த முகத்தோடு. "மஷ்தி கொடுத்தார்."

"நானா!"

"முதல் தடவை உங்க வாசல்ல நின்னு 'நல்ல கோழி'ன்னு சொன்னேன். 'உங்களோடதுதான், எடுத்துக்குங்க'ன்னீங்க. வேண்டாம்னேன். செத்துப்போன உங்க அப்பா மேல ஆணையிட்டீங்க. அப்புறமும் எடுக்காம இருந்தா அவருக்கு மரியாதையா?"

கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

"அடுத்த தடவை பட்டாளத்துல இருக்கிற உங்க மகன் தலை மேல ஆணை. நான் மறுத்து, பையனுக்கு ஏதாவது ஆச்சுன்னா? மூணாவது தடவை, நீங்க யாத்திரை போயிட்டு வந்த மஷ்ஹத் தர்கா மேலேயே..."

"அது... அது ஒரு மரியாதைக்கு..."

"ஒவ்வொரு தடவையும் வந்து 'கோழிக்கு நன்றி'ன்னு சொன்னேனே மஷ்தி. 'அதெல்லாம் ஒரு பொருட்டா, நான் உங்க காலடி மண்ணு'ன்னீங்க. எனக்குக் கண்ணே கலங்கிப் போச்சு. ஹாம்பர்க்ல பக்கத்து வீட்டுக்காரன் முட்டை ஓடு கூடக் கொடுக்க மாட்டான்."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. ஸஃபருக்குச் சிரித்துச் சிரித்துத் தொப்பி கழன்று விழுந்தது.

"நான் ஒண்டி ஆள், எனக்கு எதுக்குக் கோழி? பிள்ளை பெத்த வீடாச்சேன்னு இங்கே கொடுத்தேன். தப்புன்னா சொல்லுங்க, ஆறுக்கு ஆறு வாங்கித் தந்துடறேன்."

மஷ்தி சுற்றிலும் பார்த்தார். பாதி ஊர் நின்றது. அப்பா மேல் இட்ட ஆணையும் தர்கா மேல் இட்ட ஆணையும் சும்மா வாய்ப்பேச்சு என்று இத்தனை பேர் நடுவில் எந்த மனிதர் ஒப்புக்கொள்வார்?

"என்ன பேச்சு இது!" நெஞ்சில் கை வைத்தார். "கொடுத்தது கொடுத்ததுதான். டேய் ஸகி, உன் வீட்டம்மாவை நல்லா சாப்பிடச் சொல்லு. குழந்தைக்கு என் ஆசீர்வாதம்."

சொல்லிவிட்டு, ஆறு கோழிகளையும் அன்றுதான் அடக்கம் செய்தவர் போல வீட்டைப் பார்த்து நடந்தார்.

"விடுங்க மஷ்தி," என்று ஸஃபர் பின்னாலேயே போனார். "வெளிநாட்டுல வளர்ந்தவன். நம்ம மரியாதைப் பேச்செல்லாம் பாவம், அவனுக்கு என்ன தெரியும்?"

கூட்டம் கலைந்தது. தூரான் மட்டும் நகரவில்லை. இடுப்பில் கை வைத்துக் கேவானை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன் தம்பி, நீ எந்த வயசுல ஜெர்மனிக்குப் போனே?"

"முப்பத்து நாலுல, அக்கா."

"அதுவரைக்கும்?"

கேவான் தரையைப் பார்த்தான்.

"இங்கேதான். ரஷ்த்ல. பஸ் ஏறினா ஒரு மணி நேரம்."

உள்ளே குழந்தை சிணுங்கியது. தாய் அதைத் தட்டித் தூங்கவைக்கும் சத்தம் கேட்டது.

"பிள்ளை பெத்தவளுக்கு நாற்பது நாள் முடிய இன்னும் இருபது நாள் இருக்கு," என்றாள் தூரான், குரலைத் தாழ்த்தி. "நாளைக்குக் காலையில மஷ்தி வாசல்ல தேநீர் குடிக்கிற நேரமா வா. வெள்ளைக் கோழிதான் நல்ல கொழுத்தது. அதைப் பார்த்து ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லு. மிச்சத்தை அவர் வாய் பார்த்துக்கும்."