முழுக்கைச் சட்டை

காலாவதியான பாலிசியைப் புதுப்பிக்கும் படிவத்தில் முகவர் அய்யப்பன் 'இல்லை, இல்லை' என்று மளமளவென எழுதிக்கொண்டே போகிறார். மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடக்கிறது. "இந்த ஒரு வருஷத்துல ஆஸ்பத்திரி, டெஸ்ட்டுன்னு ஏதாவது?" என்று கேட்கிறார். "இவருக்குத் தலவலிகூட வந்ததில்ல, இல்லன்னே போடுங்க," என்கிறாள் அமலநாதனின் மனைவி பிலோமினா. வெயிலுக்குப் பொருந்தாத முழுக்கைச் சட்டைக்குள் அவருக்கு வியர்த்து ஊற்றுகிறது. காலையில் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் மூன்றாவது முறையாக ரத்தம் எடுத்த இடத்துப் பஞ்சு முழங்கை மடிப்பில் இன்னும் ஒட்டியிருக்கிறது. அவளுக்குத் தெரியாது. "இங்க ஒரு கையெழுத்து, அவ்ளோதான் சார்." முகவர் பேனாவை நீட்டுகிறார். "போடுங்க, பொண்ணுக்குன்னு நம்மகிட்ட வேற என்னா இருக்கு?" என்கிறாள் அவள். அமலநாதன் பேனாவை வாங்கி மேசைமேல் வைக்கிறார். மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றி, அவள் பார்க்கும்படி சட்டைக் கையை மெல்ல மேலே சுருட்டுகிறார்.