பொய் சொன்ன பக்கம்

"இந்தப் பக்கத்தை எழுதின மகானை ஒரு தடவை கண்ணால பாக்கணும் சார்."

அவள் சொன்னதும் மீட்டிங் அறையே சிரித்தது.

அலுவலகத்தில் அவளுக்கு சி.ஐ.டி. என்று பெயர். யாரோ எழுதிவிட்டுப் போன பழைய இணையதளங்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, எந்தப் பக்கம் எங்கே போகிறது, எது எதற்காக இருக்கிறது என்று படம் வரைந்து கொடுப்பது அவள் வேலை. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் பயமில்லாமல் அதில் கைவைப்பார்கள்.

இப்போது கையில் இருந்தது ஒரு கல்லூரி கேன்டீனின் தளம். உள்ளே ஒரு பெரிய தொடுதிரை. மாணவர்கள் தங்கள் எண்ணைத் தட்டினால், கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொண்டு சாப்பாட்டு டோக்கன் தரும். எழுதியவரைத் 'தாடி' என்பார்கள். ஒரு வரி விளக்கம்கூட விட்டுவைக்காமல் வேறு வேலைக்குப் போய்விட்டவர்.

கல்லூரியே இலவசமாகச் சாப்பாடு போடும் மாணவர்கள் பலர் உண்டு. அவர்களுக்கும் பணம் எடுக்கும் பக்கம் வருகிறது, சக்கரம் சுற்றுகிறது, 'பணம் பெறப்பட்டது' என்கிறது. உள்ளே புகுந்து பார்த்தால் ஒரு காசுகூட நகரவில்லை. சும்மா சுற்றிவிட்டு டோக்கனைத் துப்புகிறது.

"எடுக்காத பணத்துக்கு நன்றி வேற சொல்லுது சார்."

தாடி தூக்கக் கலக்கத்தில் எழுதியிருப்பார் என்றான் ஒருவன். வேலை நிறைய செய்ததாகக் காட்ட ஒரு பக்கத்தைக் கூட்டியிருப்பார் என்றான் இன்னொருவன். இவள் அதற்கும் ஒரு படி மேலே போய், தொழில் தெரிந்தவர் எழுதியது மாதிரியே இல்லை என்றாள்.

மேனேஜர் மட்டும், தாடியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று இழுத்தார்.

"எதுக்கு சார்? அவர் என்ன சொல்வாரோ, அவர் எழுதினதே சொல்லிடுச்சு. ஒரு வரி விடாம பாத்துட்டேன்."

அன்றே அந்தப் பக்கத்தைத் தூக்கினாள். இலவச மாணவர்களுக்கு இனி எண்ணைத் தட்டியதும் நேராக டோக்கன்.

அடுத்த வாரம், வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க மேனேஜரோடு அந்தக் கல்லூரிக்கே போனாள். மதிய இடைவேளை. எப்போதும் வாசலைத் தாண்டி நிற்குமாம் வரிசை. இன்று உள்ளேயே அடங்கிவிட்டிருந்தது. பார்த்தீர்களா சார் என்று அவள் புருவத்தை உயர்த்த, அவரும் பரவாயில்லையே என்று தலையாட்டினார்.

அப்போது ஒரு மாணவி, தோழி பின்னாலிருந்து தள்ள, திரைக்கு முன்னால் வந்து நின்றாள். ஒரு கையால் எண்ணைத் தட்டி, மறு கையால் திரையை மறைக்கப் பார்த்தாள். அவ்வளவு பெரிய திரையை எங்கே மறைக்க? டோக்கன் வந்து விழுந்தது.

"உனக்கு ஏன்டி பணமே எடுக்கலை?" என்றாள் தோழி. கேலியில்லை, வெறும் ஆச்சரியம்தான். ஆனாலும் வரிசையில் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன.

மாணவி டோக்கனைத் தொடவில்லை. பசிக்கவில்லை, வகுப்புக்குப் போகிறேன் என்று முனகினாள்.

"இந்த வாரம் பூரா இதையேதான் சொல்றே. இன்னிக்கு விட மாட்டேன்." தோழி, சி.ஐ.டி.யின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள். "அக்கா, நீங்கதானே இந்த மெஷினைப் பாக்கறவங்க? போன வாரம் வரைக்கும் இவளுக்கும் எங்களை மாதிரி பணம் எடுத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. இப்ப என்னக்கா ஆச்சு?"

சி.ஐ.டி.க்குக் காது மடல் சுட்டது. வரிசை ஏன் சின்னதாகிவிட்டது, இலவச மாணவர்கள் ஏன் வருவதையே நிறுத்திவிட்டார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அந்தச் சக்கரம் பணத்துக்காகச் சுற்றவில்லை; பின்னால் நிற்கிற கண்களுக்காகச் சுற்றியிருக்கிறது. ஒரு வரி விடாமல் படித்தவள், இந்த வாசலில் ஒரு நாள் வந்து நின்று பார்க்கவில்லை.

மேனேஜரின் பக்கம் திரும்ப அவளுக்கு முகமில்லை. மாணவியோ பையின் வாரை இறுக்கிப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என்ன பதில் வரப்போகிறதோ என்று.

சி.ஐ.டி. டோக்கனை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் வைத்தாள்.

"மெஷின்ல கோளாறும்மா. போன வாரம் நான்தான் கைவச்சுக் கெடுத்துட்டேன். உன் பணத்தைச் சாயங்காலம் எடுத்துக்கும், நீ போய்ச் சாப்பிடு" என்று, வரிசையின் கடைசி ஆள் வரை கேட்கும்படி, தாடியின் பொய்யைத் தன் வாயால் சொன்னாள்.