வீட்டில் எத்தனை பேர்?

"மிசஸ் ஹார்கிரீவ்ஸ், கடைசியாக் கேக்கறேன். இந்த வீட்ல எத்தனை பேர் இருக்கீங்க?"

"ரெண்டு பேர். நானும் என் பையன் கேலமும். எத்தனை தடவை சொல்றது கண்ணு?"

நகராட்சி வரிப் பிரிவிலிருந்து வந்திருந்த டங்கன் பெருமூச்சு விட்டார். பதினாறு வருடமாக இங்கிலாந்தின் பர்ன்லி நகரில் வீடு வீடாக ஏறி, ஆள்கணக்கில் பொய் சொல்பவர்களைப் பிடிப்பதுதான் அவர் பிழைப்பு. போன வாரம்கூட அடுத்த தெரு அம்மாள் ஒருத்தி, தன் ஆளைத் துணி அலமாரிக்குள் ஒளித்துவைத்து மாட்டிக்கொண்டாள். உள்ளேயிருந்து தும்மிவிட்டான் பாவி.

"சரி, கேலமைக் கூப்பிடுங்க."

"வேலைக்குப் போயிருக்கான்."

"போன மாசம் மீன் பிடிக்கப் போயிருக்கான்னீங்க. அதுக்கு முன்னாடி பல் டாக்டர்!"

"இருபத்தஞ்சு வயசுப் பையன் வீட்டுலயே அடைகாப்பானா?" மோரீன் ஹார்கிரீவ்ஸ் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "அவன் பேரை மட்டும் அடிச்சிடாதேப்பா. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

வாசலில் காலடிச் சத்தம். சட்டென்று எழுந்து ஜன்னலுக்கு ஓடினாள். தபால்காரர். திரும்பி வந்து உட்கார்ந்தவளின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

டங்கன் நோட்டம் விட்டார். கதவோரம் பாலிஷ் போட்ட ஆண்கள் பூட்ஸ். மேஜையில் இரண்டு தட்டு, இரண்டு கோப்பை. ஹீட்டர் ஓடவில்லை. ஸ்வெட்டருக்கு மேல் கோட்டும் போட்டுக்கொண்டு அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அவர் ரூமைப் பார்க்கலாமா?"

"தாராளமா. எதையும் கலைச்சிடாதே."

மாடிக்குப் போனவர் ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்தார். குரல் தணிந்திருந்தது.

"படுக்கையில ஆள் படுத்த சுவடே இல்லை. சுவர்ல ஆறு வருஷத்துக்கு முந்தின காலண்டர். மாட்டிக்கிட்டீங்க மிசஸ் ஹார்கிரீவ்ஸ்."

அவள் முகம் வெளிறியது. "அபராதம் போடுவியா?"

"அபராதமா? தனியா இருக்கறவங்களுக்கு வரியில கால்வாசி தள்ளுபடி. பேப்பர்ல பணப் பக்கத்துல வாராவாரம் போடறாங்களே! அதுக்காக ஊரே இருக்கற ஆளை இல்லைங்குது. நீங்க ஒருத்தர்தான் இல்லாத ஆளை இருக்கான்னு சொல்லி, ஹீட்டரை அணைச்சுட்டு முழு வரி கட்டறீங்க. 'இந்த வீட்டில் வேறு யாரும் வசிக்கவில்லை'ன்னு இங்க ஒரு கையெழுத்து போடுங்க. ஆறு வருஷப் பணம், ரெண்டாயிரத்து நானூறு பவுண்டு, திரும்பி வந்துடும்."

மோரீன் அந்த வரியை விரல் வைத்துப் படித்தாள். பிறகு பேனாவை அவரிடமே நீட்டினாள்.

"ஆறு வருஷம் முன்னாடி, ஒரு சண்டையில, 'இது உன் வீடு இல்லே, போடா'ன்னு வாய் தவறிச் சொன்னேன். போனவன் இன்னும் வரலை. இப்போ அதையே எழுத்துலயும் குடுக்கச் சொல்றியா கண்ணு?"