லூர்து கேட்ட போர்பன்

கப்பலிலிருந்து இறங்கிய ரெமிஜியஸ் நேராக நண்பன் வீட்டுக்குத்தான் வந்தான். லூர்து குடித்துக் குடித்தே ஈரல் கெட்டுச் செத்து நாற்பது நாளாகிவிட்டது என்பது அவனுக்கு வாசலில்தான் தெரிந்தது. கையிலிருந்த பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"அவரு கேட்டதா?" என்றாள் லூர்தின் மனைவி செலஸ்டின்.

"ஆமா தங்கச்சி. போர்பன் விஸ்கி. கடைசியா ஒயின் பீப்பாயில ஊறப்போட்டு எடுத்தது. ரொம்பக் காட்டமா இருக்கும்."

"எனக்குக் கொஞ்சம் ஊத்துங்கண்ணே. பத்தொம்பது வருசமா என்னைய விட்டுட்டு அதுல எதத் தேடுனாருன்னு பாக்கணும்."

அவன் தயங்கித் தயங்கி டம்ளரில் ஒரு விரற்கடை ஊற்றினான். முதல் வாய் தொண்டையை எரித்துக்கொண்டு இறங்கியது. நல்லவேளை, விஷம்தான் என்று அவளுக்கு ஆறுதலாக இருந்தது. எரிச்சல் அடங்கியதும் நாக்கின் அடியிலிருந்து பழுத்த திராட்சையின் இனிப்பு மெல்ல எழுந்து, நெஞ்சுவரை இளஞ்சூடாகப் பரவியது. இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. அவள் அழுதுகொண்டே படுத்த நாட்களிலெல்லாம் லூர்து இந்தச் சுகத்தில்தான் கிடந்திருக்கிறான்.

"எப்படி இருக்கு தங்கச்சி?"

"கசக்குது" என்றாள். டம்ளரை மட்டும் கீழே வைக்கவில்லை.