கதை கேட்ட தாழ்ப்பாள்

பொழுது சாய்ந்து கோழிகள் அடைந்ததும் கூண்டின் தாழ்ப்பாள் வெடவெடவென்று நடுங்கியது.

"காத்துகூட இல்லையே, உனக்கென்ன நடுக்கம்?" என்றது மரக்கதவு.

"எல்லாம் அந்த மொட்டைக்கழுத்துக் கோழி சொன்ன கதைதான். எங்கேயோ ஒரு கூண்டாம். அங்கே தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்குமாம். கோழிகளே பூட்டிக்குமாம், கோழிகளே திறந்துக்குமாம்."

"அவ கண்ணால பார்த்தாளா?"

"பார்க்கலை, இருந்தா நல்லாயிருக்குமேன்னுதான் சொன்னேன்னு அவளே ஒத்துக்கிட்டா."

"அவளைத்தான் போன தீபாவளிக்கே குழம்பு வச்சுட்டாங்களே. இன்னும் என்ன பயம்?"

"முன்னெல்லாம் உள்ளே வந்ததும் தூங்கிடுவாங்க. இப்போ ஒவ்வொருத்தியும் என்னை ஒரு பார்வை பார்த்துட்டுத்தான் கண்ணை மூடுறா. நேத்து முட்டையிலேர்ந்து பொரிச்ச குஞ்சுக்கு அந்த மொட்டைக்கழுத்து யாருன்னே தெரியாது. அதுகூட, 'இது ஏம்மா வெளியே இருக்கு?'ன்னு கேட்குது."

"கேட்டுட்டுப் போகட்டும். கேட்டா நீ இடம் மாறிடுவியா?"

தாழ்ப்பாளின் நடுக்கம் கூடியது. பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்பதுபோல மெல்லக் கேட்டது:

"உன் உள்பக்கத்துல, என்னை வச்சு ஆணி அடிக்க இடம் இருக்கா?"