கோட்டைக் கீழே இழுப்பவர்கள்

கேளுங்கள் கண்ணுகளா, காயலில் பட்டுத் திரும்பும் வெயில் மருந்தகத்தின் கூரையடியில் நெளிந்துகொண்டிருக்கிறது. அதன் கீழே, லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினியில், எங்கள் தீவுக் குழந்தைகளின் சராசரி எடையைக் காட்டும் கோடு மாதத்துக்கு மாதம் மேலே ஏறுகிறது. எடைக் கணக்கைப் பதியும் பையன் பிரிபோ மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டான். "ஏறினா நல்லதுதானேடா? ஏன் தொண்டையில மீன்முள்ளு மாட்டினவன் மாதிரி உக்காந்திருக்கே?" என்கிறாள் நர்ஸ் கைத்திரா. "இதைப் பாத்தா மேலிடத்துல பால்மாவு அனுப்பறதை நிறுத்திடுவாங்கக்கா. எடை போடாம கட்டம் வெறுமையா இருந்தா இந்தக் கம்ப்யூட்டர் அந்தப் பிள்ளையைக் கணக்குல சேக்காது. ரொம்ப மெலிஞ்சதுங்க எல்லாம் செத்துப்போச்சு. அதனாலதான் மிச்சம் இருக்கிறவங்க சராசரி ஏறுது." அட்டவணையை நகர்த்துகிறான். யோதெபா என்ற பெயருக்கு நேரே பின்பாதிக் கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன, கண்ணுகளா. அவன் கைத்திராவின் தங்கை மகன். எடை பார்க்கும் தூளி கொக்கியில் காலியாக ஆடுகிறது. வெளியே, இருக்கிற பிள்ளைகளோடு தாய்மார்கள் காத்திருக்கிறார்கள். "வெறுங்கட்டத்தை நிரப்ப வழியிருக்கா?" "கடைசியா பாத்த எடையையே போடச் சொல்லலாம். ஆனா அது பொய்க்கா." "அந்தக் கோடு மட்டும் நிஜமாடா? போடு." அவன் பட்டியலைத் திறந்து, சின்னக் கட்டத்தில் குறியிட்டு, அழுத்துகிறான். கோடு வளைந்து இறங்குகிறது. யோதெபா மாதாமாதம் அதே எடையில் இருக்கிறான். மண்ணுக்குள் கிடக்கிற பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து அந்தக் கோட்டைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கிறார்கள், வெளியே பசியில் அழுகிற பிள்ளைகளுக்குப் பால் வரட்டும் என்று.